எத்தனை நாள் நிறுத்திவைப்பது? மடிப்புத் தவறிய புரதமும் செல்லின் தீர்ப்பும்

2013இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் ஜியோவானா மல்லூச்சியின் ஆய்வுக் குழு ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டது. எலிகளின் மூளைக்குள் பிரியான் என்னும் உருத்திரிந்த புரதத்தைச் செலுத்திவிட்டு, நோய் வளர்வதை வாரக் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அந்த எலிகளுக்குப் பன்னிரண்டு வாரம் வாக்கில் முடிவு வந்துவிடும். முதலில் நரம்புச் செல்களுக்கு இடையேயான இணைப்புகள் அறும். பிறகு நினைவும் நடத்தையும் குலையும். கடைசியில் செல்கள் கூட்டம் கூட்டமாகச் சாகும். சில எலிகளுக்கு ஏழாவது வாரத்திலிருந்தும் வேறு சிலவற்றுக்கு ஒன்பதாவது வாரத்திலிருந்தும் வாய்வழியாக ஒரு மருந்து கொடுத்தார்கள். இரண்டு பிரிவுகளிலும் நரம்புச் செல்கள் பிழைத்தன.

வியப்பு அதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. மருந்து பெற்ற எலிகளின் மூளையில் உருத்திரிந்த புரதம் குறையவே இல்லை. மருந்து பெறாத எலிகளில் சேர்ந்ததைப் போலவே இவற்றிலும் சேர்ந்துகொண்டிருந்தது. மருந்து அந்தப் புரதத்தைத் தொடவில்லை. அதைக் கண்டு செல் எழுப்பும் அபாய அறிவிப்பின் ஒரு கிளையை மட்டும் அது அணைத்தது. நஞ்சு என்று நாம் கருதியிருந்த பொருள் அப்படியே இருக்க, செல்கள் உயிரோடு இருந்தன.

இன்னொன்றும் நடந்தது. அந்த எலிகள் மெலிந்துகொண்டே போயின. இரத்தத்தில் சர்க்கரை ஏறியது. மூளையைக் காத்த மருந்து கணையத்தைக் கெடுத்தது.

அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நோய்களைப் பற்றிப் பேசும்போது, “புரதம் திரிந்து படிகிறது, செல் சாகிறது” என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். படிவதற்கும் சாவதற்கும் நடுவே ஒரு நீண்ட விசாரணை நடக்கிறது. நிலைமையை அளந்து, வேலையைக் குறைத்து, உதவியைக் கூட்டி, சீராகுமா என்று காத்திருந்து, ஆகாது என்று தெரிந்தால் தன்னையே முடித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒவ்வொரு செல்லிலும் உண்டு. இந்த விசாரணை எந்த உறுப்பில், எவ்வளவு காலம் நீடிக்கிறது என்பதைப் பொறுத்தே பல நோய்கள் உருவாகின்றன என்பது என் வாசிப்பு. ஒரே மருந்து ஓர் உறுப்பைக் காத்து மற்றொன்றைக் கெடுத்ததன் பொருளும் அதுதான்.

புரதம் என்பது அமினோ அமிலங்களைக் கோத்த ஒரு சரடு. ரைபோசோமிலிருந்து வெளிவரும்போது அதனால் பயனொன்றும் இல்லை. தன்மேலேயே மடிந்து, தனக்கென்று உள்ள வடிவத்துக்கு வந்த பிறகே அது நொதியாகும், ஹார்மோனாகும், எதிர்ப்பொருளாகும். அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் கிறிஸ்டியன் அன்ஃபின்சென், 124 அமினோ அமிலங்கள் கொண்ட ரைபோநியூக்ளியேஸ் என்ற நொதியை யூரியாவில் இட்டு, அதன் நான்கு கந்தகப் பிணைப்புகளையும் அறுத்து, முற்றிலும் குலைத்துப் பார்த்தார். குலைத்த வேதிப்பொருள்களை நீக்கியதும் நொதி தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பியது. எட்டுக் கந்தக முனைகள் இரண்டிரண்டாகச் சேர 105 வழிகள் உண்டு. சரடு அவற்றுள் சரியான ஒன்றுக்கே வந்து சேர்ந்தது. வடிவத்துக்கான அறிவுறுத்தல் முழுவதும் சரட்டின் வரிசையிலேயே எழுதப்பட்டிருக்கிறது என்று அவர் நிறுவினார். 1972இல் வேதியியல் நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

நீர்த்த கரைசலில் நடப்பது செல்லுக்குள் அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. செல்லின் உள்ளே கடும் நெருக்கடி. ஒரு மில்லிலிட்டரில் 300 மில்லிகிராம் அளவுக்குப் பெரிய மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன. மடிந்து முடித்த புரதத்தில் நீரோடு ஒட்டாத பகுதிகள் உள்ளே மறைந்திருக்கும். பாதி மடிந்த சரட்டில் அவை வெளியே தெரியும். அருகிலுள்ள இன்னொரு பாதிச் சரட்டின் அதே போன்ற பகுதியோடு ஒட்டிக்கொள்ளும். முட்டையின் வெள்ளைக்கரு வெந்ததும் கட்டியாவது இந்த ஒட்டுதலால்தான். ஆறவைத்தால் அது பழையபடி இளகுவதில்லை.

இப்படி ஒட்டாமல் காப்பதற்கென்றே செல்லில் தனிப் புரதங்கள் உண்டு. இளம்பெண் வெளியே போகும்போது தகாத சேர்க்கை நேராமல் உடன்செல்லும் மூத்த பெண்மணியை ஐரோப்பியர் ‘ஷேப்பரோன்’ என்பார்கள். 1978இல் ரான் லாஸ்கி ஒரு புரதத்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்; 1987இல் ஜான் எல்லிஸ் அதை ஒரு பெருங்குடும்பத்துக்கே பொதுப் பெயராக்கினார். தமிழில் இதற்குப் பல சொற்கள் முயன்று பார்க்கப்பட்டுள்ளன. அகப்பாடல்களின் செவிலித்தாயைவிடப் பொருத்தமானவள் யாருமில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. வளரும் மகளை அவள் கண்காணிக்கிறாள். தக்க பருவம் வரும்வரை வீட்டைவிட்டு அனுப்புவதில்லை. மகளின் பிற்கால வாழ்வில் அவளுக்கு இடமில்லை. செவிலிப் புரதமும் மடிந்து முடித்த புரதத்தின் பகுதியாக நிலைப்பதில்லை. மகளை வீட்டுக்குள்ளேயே நிறுத்திவைப்பதற்குப் பழைய இலக்கணம் ‘இற்செறிப்பு’ என்று பெயர் வைத்திருக்கிறது. இந்தச் சொல்லும் நமக்குப் பின்னால் வேண்டியிருக்கும்.

நெருக்கடி வந்தால் செவிலிகளை அதிகம் உண்டாக்கும் திறன் செல்லுக்கு உண்டு என்பது தற்செயலாகத் தெரியவந்தது. 1960களின் தொடக்கத்தில் இத்தாலியின் நேப்பிள்ஸில் ஃபெருச்சியோ ரிட்டோசா பழ ஈக்களின் உமிழ்நீர்ச் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். உடன் வேலை செய்த ஒருவர் அடைகாப்பானின் வெப்பத்தைக் கூட்டிவிட்டார். மறுபடி பார்த்தபோது குரோமோசோமில் புதிய இடங்கள் உப்பியிருந்தன. உப்பல் என்றால் அங்கே மரபணு விழித்துக்கொண்டது என்று பொருள். அவர் எழுதிய கட்டுரையை ஓர் ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. 1962இல் வேறொன்றில் வெளிவந்தது. அந்த மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்களைக் காண மேலும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் என்று இன்று பாடநூல்களில் இருப்பவை அவைதான். அவற்றுட் பல செவிலிகள்.

இவை செல்லின் பொதுவெளியான சைட்டோபிளாசத்தில் வேலை செய்கின்றன. நாம் பார்க்க வேண்டிய இடம் அதற்குள் இருக்கும் ஓர் அறை. இன்சுலின், எதிர்ப்பொருள்கள், செல்லின் மேற்பரப்பில் நிற்கும் ஏற்பிகள் என வெளியே போக வேண்டிய புரதங்கள் எல்லாம் எண்டோபிளாச வலைப்பின்னல் என்ற சவ்வு அறைக்குள் நுழைந்து அங்கேதான் மடிகின்றன. மனித செல் உண்டாக்கும் புரதங்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு இந்த வழியில் போகிறது. கந்தகப் பிணைப்புகள் இங்கே போடப்படுகின்றன. சர்க்கரைக் கிளைகள் ஒட்டப்படுகின்றன. வடிவம் கூடாத எதுவும் இந்த வாசலைத் தாண்டாது. இதுதான் செல்லின் இற்செறிப்பு.

காவல் எப்படி நடக்கிறது என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். உள்ளே நுழையும் சரட்டில் பதினான்கு சர்க்கரை அலகுகள் கொண்ட ஒரு கிளை ஒட்டப்படுகிறது. நுனியிலுள்ள மூன்று குளுக்கோஸ்களில் இரண்டு உடனே வெட்டப்படும். எஞ்சிய ஒற்றைக் குளுக்கோஸைப் பிடித்துக்கொண்டு ஒரு செவிலி சரட்டை மடிக்க உதவும். பிறகு அந்தக் குளுக்கோஸும் வெட்டப்பட்டுச் சரடு விடுபடும். அப்போது இன்னொரு நொதி வந்து தடவிப் பார்க்கிறது. மடிப்பு சரியாக இருந்தால் விட்டுவிடும். இல்லையென்றால் ஒரு குளுக்கோஸை மறுபடி ஒட்டிச் செவிலியிடமே திருப்பி அனுப்பும். இந்தச் சுற்று எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கலாம். ஆனால் அதே கிளையின் மேனோஸ் அலகுகளை வேறொரு நொதி மெல்ல மெல்லக் கொறித்துக்கொண்டிருக்கிறது. நெடுநேரம் உள்ளேயே தங்கிய சரட்டில் மேனோஸ் குறைந்துபோயிருக்கும். அதுவே இனித் தேறாது என்பதற்கான அடையாளம். அத்தகைய சரடு பின்வாசல் வழியாக சைட்டோபிளாசத்துக்கு இழுக்கப்பட்டு, யுபிகுவிட்டின் முத்திரை குத்தப்பட்டு, புரோட்டியசோம் என்ற அரைவை எந்திரத்தில் தூளாகும். தனி ஒரு மூலக்கூறுக்குக்கூடச் செல் தவணை கொடுக்கிறது. தவணைக் கணக்கைச் சர்க்கரையில் எழுதி வைக்கிறது. உயிரியலில் இதைவிட அழகான ஏற்பாடுகள் குறைவு என்பேன்.

வரத்து அதிகமாகி, அல்லது மடிப்பு தொடர்ந்து தவறி, அறையே நிரம்பிவிட்டால்? செய்தி மரபணுக்கள் இருக்கும் உட்கருவுக்குப் போக வேண்டும். நடுவில் ஒரு சவ்வு இருக்கிறது. 1988இல் டல்லாஸில் மேரி-ஜேன் கெதிங், ஜோ சாம்ப்ரூக் ஆகியோரின் ஆய்வகம், மடிய முடியாதபடி மாற்றிய இன்ஃப்ளுவென்சா வைரஸ் புரதத்தைக் குரங்குச் செல்களில் உண்டாக்கிப் பார்த்தது. பிப் என்ற செவிலியின் உற்பத்தி கூடியது. உள்ளே தேங்குவதைச் செல் அறிகிறது என்பதற்கு அது நேரடிச் சான்று. அறிவது எது என்று தெரியவில்லை. அந்த ஆய்வகத்துக்கு ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்திருந்த கசுதோஷி மோரியும், சான்ஃபிரான்சிஸ்கோவில் பீட்டர் வால்ட்டரின் குழுவும் ஈஸ்டில் ஒரே விடையைத் தனித்தனியே தேடினார்கள். 1993இல் இருவரும் ஒரே மரபணுவில் வந்து நின்றார்கள்: ஐஆர்இ-1.

ஐஆர்இ-1 சவ்வின் குறுக்கே நிற்கும் ஒரு புரதம். ஒரு முனை அறைக்குள்ளே. மறு முனை வெளியே. முந்தைய ஆண்டுதான் வேறு ஜப்பானிய ஆய்வாளர்கள் ஐனோசிட்டால் தேவை தொடர்பான மரபணுவாக அதைக் கண்டு இந்தப் பெயரை இட்டிருந்தார்கள். ஐனோசிட்டால் சவ்வுக் கொழுப்புக்கு மூலப்பொருள். புரதம் தேங்கும்போது செல் செவிலிகளை மட்டும் கூட்டுவதில்லை, அறையையே விரிவாக்குகிறது. அதற்குச் சவ்வு வேண்டும். தொடர்பில்லாதது போலத் தோன்றிய பழைய பெயர் இப்படிப் பொருள் பெற்றது.

அது செய்தி அனுப்பும் விதத்தை அப்போது யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது. பொதுவாகத் தூது ஆர்.என்.ஏவின் தேவையற்ற பகுதிகள் உட்கருவுக்குள்ளேயே வெட்டி ஒட்டப்பட்டு, செப்பனிட்ட பிரதிதான் வெளியே வரும். ஈஸ்டில் ஹேக்-1 என்ற தூது ஆர்.என்.ஏ மட்டும் 252 எழுத்துகள் கொண்ட ஒரு தடையோடு செப்பனிடப்படாமல் வெளியே வந்து காத்திருக்கிறது. தடை இருக்கும்வரை அதிலிருந்து புரதம் உருவாவதில்லை. அறை நிரம்பியதும் ஐஆர்இ-1 தன் வெளிமுனையால் அந்தத் தடையை நறுக்கி எறிகிறது. இழையின் இரு துண்டுகளையும் வேறொரு நொதி ஒட்டுகிறது. உருவாகும் புரதம் உட்கருவுக்குள் போய்ச் செவிலி மரபணுக்களை எழுப்புகிறது. மனித செல்லில் ஹேக்-1க்கு இணையாக இருப்பது எக்ஸ்பிபி-1. அதில் நறுக்கப்படுவது 26 எழுத்துகள். மரபுக் குறியீடு மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கப்படுவது. 26 மூன்றால் வகுபடாது. ஆகவே அந்த வெட்டுக்குப் பிறகு வரும் எழுத்துகள் எல்லாம் வேறு இடத்தில் பிரிந்து வேறு சொற்களாகின்றன. ஒரே எழுத்துத் தொடரை இரண்டு விதமாகப் பிரித்து இரண்டு பொருள் காணும் பிரிமொழிச் சிலேடை தமிழருக்குப் பழக்கமானதே. இங்கே பிரிப்பு மாறியதும் பிறப்பது நெருக்கடியைச் சமாளிக்கும் வலுவான புரதம்.

ஈஸ்டுக்கு இந்த ஒரு வழி போதும். நம் செல்களில் இன்னும் இரண்டு உண்டு. ஏடிஎஃப்-6 என்பது நெருக்கடியில் கோல்கை உறுப்புக்குப் பயணித்து, அங்கே இரண்டு வெட்டுகளால் பிளந்து, ஒரு துண்டு உட்கருவுக்குச் செல்வது. மோரி கியோட்டோவுக்குத் திரும்பிய பின் இதை விளக்கினார். மூன்றாவது, மல்லூச்சியின் மருந்து அணைத்த பெர்க். 1999இல் டேவிட் ரானின் ஆய்வகம் விவரித்தது. பெர்க் செய்வது எளிமையான வேலை. புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் இஐஎஃப்-2 என்ற கூட்டின் ஆல்ஃபா அலகில் ஒரு பாஸ்பேட்டை ஒட்டிவிடும். செல்லின் புரத உற்பத்தி சரசரவென்று குறையும். உள்ளே வருவது நின்றால் தேங்கியதை ஒழுங்குபடுத்த நேரம் கிடைக்கும் என்பது ஏற்பாடு. மோரியும் வால்ட்டரும் 2014இல் லாஸ்கர் விருதைப் பகிர்ந்துகொண்டார்கள்.

இந்த மூன்று வழிகளும் முதலில் காப்பதற்காகவே எழுகின்றன. காப்பது எப்போது கொல்வதாக மாறுகிறது என்பதே கடினமான கேள்வி. 2007இல் வால்ட்டரின் குழு மனித செல்களில் நெருக்கடியை விடாமல் நீட்டித்துப் பார்த்தது. நெருக்கடி தொடர்ந்தும் ஐஆர்இ-1 சில மணி நேரங்களில் ஓய்ந்துவிட்டது, பெர்க் ஓயவில்லை. ஐஆர்இ-1ஐ மட்டும் செயற்கையாகத் தொடரவைத்தபோது அதிகச் செல்கள் பிழைத்தன. பெர்க் நீடிக்கும்போது சாப் என்ற புரதம் சேர்கிறது. சாப் இல்லாத செல்கள் நெருக்கடியில் எளிதில் சாவதில்லை என்று ரான் ஏற்கெனவே காட்டியிருந்தார். 2004இல் அவருடைய குழு ஒரு காரணத்தையும் கண்டது: சாப், பெர்க் ஒட்டிய பாஸ்பேட்டை நீக்கும் புரதத்தைத் தூண்டி, உற்பத்தியை மறுபடி தொடங்கிவைக்கிறது. ஒழுங்குபடாத அறைக்குள் புதிய வரத்து வந்து விழுகிறது. நிறுத்தம் நீண்டாலும் ஆபத்து. ஒழுங்குபடுமுன் கதவைத் திறந்தாலும் ஆபத்து.

இனிக் கணையத்துக்கு வருவோம். உடலில் இந்த அறையை மிகக் கடுமையாக வேலை வாங்கும் செல்களில் பீட்டா செல்லும் ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பீட்டா செல் நிமிடத்துக்குப் பத்து லட்சம் வரை இன்சுலின் முன்னோடி மூலக்கூறுகளை உண்டாக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று கந்தகப் பிணைப்புகள். பெர்க் என்ற பிரேக் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மனிதரிடமே சான்று உண்டு. 1972இல் இரண்டு மருத்துவர்கள் விவரித்த வால்காட்-ராலிசன் நோயில், கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் ஆறு மாதம் நிறைவதற்குள் நீரிழிவு வருகிறது. எலும்புகள் சரியாக வளர்வதில்லை. கல்லீரல் திடீரென்று செயலிழக்கிறது. 2000இல் காரணம் தெரிந்தது: பெர்க் மரபணுவின் இரு பிரதிகளும் பழுது. லெஸ்டர் எலிகளில் மருந்து உண்டாக்கியது ஏறக்குறைய இந்த நோயின் சாயலைத்தான். இந்தக் குழந்தைகளைப் பற்றி முன்பே தெரிந்திருந்ததால் கணையத்தின் பாதிப்பை விளக்குவது எளிதாக இருந்தது. எளிதில் பெற்ற விளக்கம் அல்ல அது. பச்சிளம் பிள்ளைகளின் உடலிலிருந்து வந்தது.

ஜப்பானின் அகிதாவில் கண்டறிந்த ஓர் எலிக் குடும்பம் இன்னொரு பக்கத்தைக் காட்டியது. எலிக்கு இன்சுலின் மரபணு இரண்டு; பெற்றோர் வழிக்கு ஒன்றாக நான்கு பிரதிகள். அகிதா எலியில் நான்கில் ஒரு பிரதியில் மட்டும் 96ஆவது இடத்துச் சிஸ்டீன் டைரோசினாக மாறி, ஒரு கந்தகப் பிணைப்பு போட முடியாமல் போகிறது. மூன்று நல்ல பிரதிகள் இருந்தும் அந்த எலிக்கு நீரிழிவு வருகிறது. இன்சுலின் போதாமல் நோய் தொடங்கவில்லை. மடியாத ஒன்று அறையை அடைத்து பீட்டா செல்லையே சாகடிப்பதால் தொடங்குகிறது. இந்த எலியில் சாப் மரபணுவை நீக்கினால் நோய் தள்ளிப்போகிறது. 2007இல் இதே வகைப் பிழைகள் பிறந்த சில மாதங்களில் நீரிழிவு வந்த குழந்தைகளின் இன்சுலின் மரபணுவிலும் கண்டறியப்பட்டன.

அரிய நோய்கள் என்று இவற்றை ஒதுக்கிவிட முடியாது. இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிகொடுக்காதபோது பீட்டா செல் மேலும் மேலும் உற்பத்தி செய்தாக வேண்டும். இரண்டாம் வகை நீரிழிவில் ஆண்டுக்கணக்கில் நடப்பது அதுதான். உடல் பருத்த எலிகளின் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் இதே நெருக்கடி நடப்பதையும், இன்சுலின் செய்தியை அது மழுங்கடிப்பதையும் ஹார்வர்டில் கோகன் ஹோட்டமிஸ்லிகிலின் குழு 2004இல் காட்டியது. சென்னையின் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023இல் வெளியிட்ட தேசிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 விழுக்காடு. மரபு, உணவு, உழைப்பு என்று காரணங்கள் பல. அத்தனையும் கடைசியில் வந்து அழுத்தும் இடங்களில் ஒன்று இந்தச் சவ்வு அறை.

இதே ஏற்பாட்டை நோய்க்கு எதிராகத் திருப்பிய ஒரு மருந்து உண்டு. எதிர்ப்பொருள்களை இறைக்கும் பிளாஸ்மா செல் எக்ஸ்பிபி-1 இல்லாமல் முழுமையாக உருவாக முடியாது. அந்தச் செல் புற்றாக மாறுவதே மல்டிபிள் மைலோமா. அறை ஏற்கெனவே விளிம்பு வரை நிரம்பியிருப்பதால், அரைவை எந்திரத்தை நிறுத்தினால் இந்தச் செல் மற்றவற்றுக்கு முன்னால் சாகிறது. 2003இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற போர்டெசோமிப் அப்படிப்பட்டது.

இற்செறிப்பு கடுமையாக இருப்பதாலேயே வரும் நோய் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ். 1,480 அமினோ அமிலங்கள் கொண்ட சிஎஃப்டிஆர் என்ற புரதத்தில், பெரும்பாலான நோயாளிகளிடம், 508ஆவது இடத்து ஃபினைல்அலனின் ஒன்று இல்லை. அந்தப் புரதத்தால் ஓரளவு வேலை செய்ய முடியும். ஆனால் மடிப்பில் சிறு தாமதம் கண்டு காவல் அதை உள்ளேயே நிறுத்தி அழித்துவிடுகிறது. நுரையீரலில் சளி கெட்டியாகித் தேங்குகிறது. 1992இல் செல்களை உடல் வெப்பத்துக்குக் கீழே, 27 டிகிரிக்கு அருகில் வளர்த்தபோது அந்தப் புரதம் மேற்பரப்பை அடைந்து வேலை செய்தது. மனிதரைக் குளிர்விக்க முடியாது. குளிர் செய்த வேலையைச் செய்யும் சிறு மூலக்கூறுகளைத் தேட இருபத்தேழு ஆண்டுகள் ஆயின. 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மூன்று மருந்துக் கூட்டில் இரண்டு மூலக்கூறுகள் இந்தப் புரதம் மடிவதற்குக் கைகொடுப்பவை. மடியும் புரதத்தையே தாங்கிப் பிடிக்கும் இந்த வழி பலித்தது. அபாய அறிவிப்பை மாற்றியமைக்கும் வழி நரம்பு நோய்களில் இன்றுவரை பலிக்கவில்லை. இரண்டுக்கும் உள்ள இடைவெளியை மறைத்து எழுதும் கட்டுரைகள் நோயாளிகளின் குடும்பங்களுக்கு வீண் நம்பிக்கை தருகின்றன. அது எனக்கு வருத்தம் தருகிறது.

லெஸ்டர் எலிகளுக்குத் திரும்புவோம். 2012லேயே மல்லூச்சியின் குழு நோயின் வரிசையைப் பிரித்துக் காட்டியிருந்தது. பிரியான் பெருகப் பெருக பெர்க் ஓயாமல் இயங்குகிறது. உற்பத்தி நின்றே கிடக்கிறது. நரம்பிணைப்புகளுக்குத் தினமும் வேண்டிய புரதங்கள் கிடைப்பதில்லை. செல் பட்டினி கிடந்ததுபோல் சாகிறது. பாஸ்பேட்டை நீக்கும் புரதத்தைக் கூட்டியபோது செல்கள் பிழைத்தன. பாஸ்பேட் நீங்காமல் தடுக்கும் மருந்தைக் கொடுத்தபோது எலிகள் இன்னும் விரைவில் இறந்தன. அல்சைமர் நோயால் இறந்தவர்களின் மூளைத் திசுவிலும் பெர்க் இயங்கியதற்கான அடையாளங்கள் உண்டு.

முற்றாக அணைக்காமல் சற்றுத் தணித்தால் என்ன? வால்ட்டரின் ஆய்வகம் 2013இல் கண்ட இஸ்ரிப் என்ற மூலக்கூறு பாஸ்பேட்டை நீக்குவதில்லை; பாஸ்பேட் இருந்தும் உற்பத்தி ஓரளவு நடக்க வழிசெய்கிறது. நெருக்கடி மிதமாக இருக்கும்போதே அது வேலை செய்யும். கடுமையானால் நிறுத்தமே வெல்லும். 2015இல் மல்லூச்சியின் குழு அதைப் பிரியான் எலிகளுக்குக் கொடுத்தது. நரம்புச் செல்கள் காக்கப்பட்டன, கணையம் கெடவில்லை. 2017இல், மனச்சோர்வுக்காக நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருக்கும் ட்ராசோடோனும் எலிகளில் அதே பலனைத் தருவதாக அறிவித்தார்கள். பாதி திறந்த கதவு போதும் என்று தோன்றியது.

மனிதரிடம் சோதித்தபோது வேறு விடை வந்தது. இயக்க நரம்புச் செல்கள் அழியும் ஏ.எல்.எஸ் நோய்க்கு, சோடியம் ஃபினைல்பியூட்டிரேட், டாருர்சோடியால் என்ற இரண்டு பொருள்களின் கூட்டு 2022 செப்டம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வலைப்பின்னலின் நெருக்கடியைத் தணிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. 137 பேரிடம் நடந்த சோதனையில் பலன் தெரிந்தது. அதன் பிறகு 664 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் போலி மருந்துக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை என்று 2024 மார்ச்சில் தெரிந்தது. அடுத்த மாதமே நிறுவனம் மருந்தைத் திரும்பப் பெற்றது. ட்ராசோடோனை இதே நோய்க்கு பிரிட்டனில் சோதித்தார்கள். பலனில்லை என்று இடைக்கால ஆய்விலேயே நிறுத்தினார்கள். இஸ்ரிப் தொடும் அதே புள்ளியைத் தொடும் இரண்டு புதிய மருந்துகளும் அமெரிக்க ஏ.எல்.எஸ் சோதனையில் முதன்மை இலக்கை எட்டவில்லை என்று 2025 தொடக்கத்தில் அறிவிப்பு வந்தது.

கருத்தே தவறு என்று இதிலிருந்து முடிவுகட்டுவது அவசரம் என்பது என் எண்ணம். எலிச் சோதனையில் ஒன்று ஆய்வாளர் கையில் இருந்தது: நாள். பிரியானைச் செலுத்திய தேதி அவர்களுக்குத் தெரியும். ஏழாம் வாரத்தில் மூளை எந்த நிலையில் இருக்கும், ஒன்பதாம் வாரத்தில் எந்த நிலை என்று வரைபடமே வைத்திருந்தார்கள். ஏ.எல்.எஸ் நோயாளி மருத்துவரிடம் வருவது சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காதபோது, அல்லது நடக்கையில் கால் தடுக்கும்போது. அதற்குள் இயக்க நரம்புச் செல்களில் கணிசமான பங்கு போயிருக்கும். எஞ்சியவற்றில் ஒரு செல் காக்கும் கட்டத்திலும், பக்கத்துச் செல் கடைசிக் கட்டத்திலும் இருக்கலாம். ஒரே மருந்து முதலாவதன் பாதுகாப்பைக் கலைத்து, இரண்டாவதற்குத் தாமதமாகப் போய்ச் சேரும். எலிக்கு ஏழாம் வாரம் என்று குறித்துவைத்திருந்த அந்த நாளை மனித மூளையில் எந்தச் சோதனையால் கண்டுபிடிப்பது என்பதே இப்போது விடை வேண்டி நிற்கும் கேள்வி.